நாகபுரிக்கு நல்ல மாசம்

இந்தத் தடவை மழையைச் சாக்குச் சொன்னாள் பாவாயி.

"ஐப்பசி அடைமழைங்க சாமி. இதுல அத்தன தூரம் போயி காய்ச்சல் கீய்ச்சல் வந்தா, மகனுக்குத்தான தொந்தரவு?"

லாரி டிரைவர் மாரியப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

"ஏனுங்க ஆத்தா, அடைமழை நம்ம நாமக்கல்லுல! நாகபுரியில புரட்டாசியோட மழை ஓஞ்சிரும். இப்பப் போனா வெயிலும் இல்ல, குளிரும் இல்ல. ஜவ்வரிசி லோடு ஏத்திக்கிட்டு மாசம் ரெண்டு தடவ போற எனக்குத் தெரியாதுங்களா? லாரியில முன்னால உக்காத்தி வெச்சுப் பதனமாக் கூட்டிட்டுப் போறேன்."

"பாக்கலாஞ் சாமி. இன்னொரு இட்லி வெக்கட்டுமா?"

எப்போதும் இதே பதில்தான்.

லாரிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே பாவாயியின் இட்லிக் கடை. நாள் முழுக்க டிரைவர்கள் கூட்டம். கடையைச் சாத்திவிட்டால் பேச ஓர் ஆள் கிடையாது. ஒரே மகன் தண்டாயுதபாணி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் நாகபுரி மில்லுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். பேரனுக்கு ஐந்து வயதாகிறது. பாவாயி இன்னும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மகனைக் குறை சொல்ல முடியாது. சித்திரையில் ஒரு கடிதம், ஆடியில் ஒரு கடிதம், தவறாமல் வரும். 'அம்மா, அவசியம் வரவேண்டும்' என்று இரண்டிலும் எழுதியிருப்பான். படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் மாரியப்பன்தான்.

சித்திரை என்றால், "வெயிலு ஆவாதுன்னு எழுது சாமி" என்பாள். ஆடி என்றால், "மழைத் தண்ணி சேராதுன்னு எழுது."

ஆனால் வடக்கே போய் வருகிற டிரைவரைக் கண்டால் மட்டும் விடமாட்டாள். நாகபுரியில் வெயிலா, மழையா, ராத்திரியில் போர்வை வேண்டுமா என்று துருவித் துருவிக் கேட்பாள். கிளம்பாத ஊருக்கு இத்தனை விசாரணையா என்று கடையே சிரிக்கும்.

தீபாவளிக்குத் தீபாவளி பேரனுக்குச் சட்டை எடுப்பாள். அளவு தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து ஓர் உத்தேசம்தான். "குடுங்க, நான் கொண்டு போய்க் குடுக்கறேன்" என்று மாரியப்பன் கேட்டாலும் தரமாட்டாள்.

"நானே போட்டுப் பாக்கோணும் சாமி."

ஐந்து சட்டைகள் அப்படியே பெட்டியில் கிடந்தன.

கூப்பிடுகிற மகனிடம் போகாமல் இதென்ன பிடிவாதம்? கடையை விட்டு நகர மனசில்லாத கல்நெஞ்சுக்காரி என்று தீர்மானித்துவிட்டான் மாரியப்பன். அவளைக் கேட்காமலே ஓர் இன்லாண்டு லெட்டர் வாங்கினான். 'ஐப்பசி கடைசியில் மாரியப்பன் லாரியில் புறப்பட்டு வருகிறேன்' என்று அவள் பேரில் எழுதித் தபாலில் சேர்த்தான். சேர்த்த பிறகுதான் அவளிடம் சொன்னான்.

பாவாயியின் முகம் வாடிப்போயிற்று.

"என்ன சாமி இப்பிடிப் பண்ணிப்போட்டே?"

பத்தே நாளில் பதில் வந்தது. மகன் இத்தனை சீக்கிரம் பதில் போட்டதே கிடையாது.

மாரியப்பன் உற்சாகமாகப் பிரித்து உரக்கப் படித்தான்.

"அம்மாவுக்கு நமஸ்காரம். இங்கே இப்போது தாங்க முடியாத குளிர். உங்கள் உடம்புக்கு ஆகாது. தயவுசெய்து புறப்பட வேண்டாம். சித்திரையில் அவசியம் வரவும்..."

அவன் குரல் இறங்கிவிட்டது.

முந்தின நாள்தான் நாகபுரியிலிருந்து திரும்பியிருந்தான். அங்கே சட்டைகூடப் போடாமல் லாரி மேல் படுத்துத் தூங்கியவன் அவன். சித்திரையில் அந்த ஊர் ரோட்டில் தார் உருகும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

பாவாயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க ஆத்தா..." என்று மென்று விழுங்கினான். "இந்த வருசம் குளிரு முந்திக்கிச்சு. நாந்தான் தெரியாம எழுதிப்போட்டேன்."

"உனக்கு எதுக்குச் சாமி இந்தப் பொய்யி? போவ முடியாத மாசமாப் பாத்துத்தான் அவன் கூப்புடறான்னு எனக்கு அஞ்சு வருசமாத் தெரியும்."

"தெரிஞ்சுமா வெயிலு, மழைன்னு நீங்களாச் சொல்லிட்டிருந்தீங்க?"

"நான் வாரேன்னு சொன்னா, வேண்டாங்கறதுக்கு அவன் ஒரு பொய்யத் தேடோணுமில்ல? பெத்தவகிட்டப் பொய் சொன்ன பாவம் அவனுக்கு வரக்கூடாதுன்னுதான், அவனுக்கும் சேத்து நானே சொல்லிட்டிருந்தேன். இப்ப அவனையும் சொல்ல வெச்சுப்போட்டியே சாமி!"