நத்தையின் பனித்துளிக் கடை

கனவு போல வெண்மூட்டம் படிந்த ஒரு சோலை. ஆண்டவன் இரவெல்லாம் தூவிவிட்டுப் போன பனித்துளிகளை நத்தை அங்கே இலையில் வைத்து விற்று வந்தது. வெயில் ஏறினால் சரக்கு காய்ந்துவிடும் என்று எல்லாரும் விடியும்போதே வந்து வரிசையில் நிற்பார்கள். நத்தை ஆளுக்கு ஒரு வார்த்தை விசாரித்துத்தான் கொடுக்கும்.

எதிரே கடை போட்டிருந்த ஓணானிடமும் அதே பனித்துளிதான். ஆனாலும் ஒரு ஈ கூட எட்டிப் பார்க்கவில்லை. ‘ஓஹோ, குடும்பத்தை விசாரிச்சாத்தான் வியாபாரம் ஆகும் போலிருக்கு’ என்று ஓணான் நினைத்துக்கொண்டது.

அப்போது மைனா வந்தது.

"வாங்க மைனா அக்கா! குஞ்சுங்க எல்லாம் சௌக்கியமா?" என்றது ஓணான்.

"நேத்து காத்துல கூடு விழுந்திடுச்சு தம்பி. ஒண்ணுகூட மிஞ்சலை."

"ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்!" காதில் வாங்காமலே ஓணான் தலையை ஆட்டியது. "அப்போ குஞ்சுங்களுக்கும் சேர்த்து ரெண்டு இலை தரட்டுமா?"

மைனா எதிர்க்கடைக்குப் போய் நின்றது. அதன் முகத்தைப் பார்த்ததும் நத்தை விற்பதை நிறுத்திவிட்டு, மெல்ல ஊர்ந்து வந்து பக்கத்தில் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. மைனா அழுதுகொண்டே இருந்தது. கிழக்கே வெயில் ஏறத் தொடங்கியது.

"இங்கே உடனே கிடைக்கும், ஓடி வாங்க!" என்று ஓணான் கூவியது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற பட்டாம்பூச்சிகள் சத்தமில்லாமல் முன்னே வந்து, நத்தையின் பனித்துளிகளுக்கு மேலே சிறகை விரித்து நிழல் பிடித்தன.