கடைசிக் கட்டம்

பெரம்பலூர் மாலை வகுப்புக்காக ஹேமலதா எழுதிய சுடோகு புரோகிராம், எண்பது கட்டங்களை நிரப்பிவிட்டு ஒன்றைக் காலியாக விட்டது. ஒவ்வொரு புதிரிலும் வேறொரு கட்டம். தப்பு தன்னுடையதுதான் என்று நினைத்து மூன்று முறை சரிபார்த்தாள்; எதுவும் அகப்படவில்லை.

"ஒண்ணு காலியா இருந்தாலும் மார்க் கெடையாதும்மா," என்று சொல்லியிருந்தார் வகுப்பு சார்.

"உங்கப்பாவும் அரியலூர் பஸ்ல பேப்பர் சுடோகுல எல்லாத்தயும் போட்டுட்டு, கடைசிக் கட்டம் ஒண்ண ஒனக்குன்னு வச்சிருப்பாரேடி," என்றாள் அம்மா. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

நிரம்பும்வரை நிறுத்தாதே என்று ஒரு வரி சேர்த்தாள். பகல் முழுக்க புரோகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில், காலியாக இருந்த அந்தக் கட்டத்தில் அவளே நான்கை அழுத்தினாள். ஓட்டம் நின்றது.

வகுப்பில் சார் கொடுத்த பத்துப் புதிர்களும் முழுதாக நிரம்பி வந்தன. ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். அவளுக்கென்று ஒரு கட்டமும் இல்லை.