சிவப்பு நூல் பொட்டலம்

"ஒரு செடி விடாம பிடுங்கி எறியணும்!"

ஹெர்மினியா போட்ட சத்தத்தில் கோயில் கூரைப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. ஞாயிறு பூசை முடிந்து வந்த பெண்கள் ஒன்பது பேர், மாதா கோயிலின் பின்புறத் தோட்டத்தைச் சுற்றி நின்றார்கள். நடுவில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காஸ்துலோ.

ஆறு வருஷத்துக்கு முன்பு அது குப்பைமேடு. பாதிரியாரிடம் கேட்டு வாங்கி, சிவப்புச் சால்வியாவும் குழல்பூக் கொடியும் நட்டவர் அவர்தான். "ரீங்காரச் சிட்டுக்கு வாசனை முக்கியமில்ல. சிவப்பு தெரிஞ்சா போதும், தேடி வந்துடும்" என்பார். வந்தன. கட்டைவிரல் அளவுச் சிட்டுகள் அந்தரத்தில் நின்று தேன் குடிப்பதை ஊரே வேடிக்கை பார்த்தது.

ஆனால் அவருடைய பிழைப்பு வேறு. பூயெப்லா நகரச் சந்தையில் வசியப் பொட்டலம் விற்பார். செத்த ரீங்காரச் சிட்டைச் சிவப்புத் துணியில் வைத்து, சிவப்பு நூலால் சுற்றியது. வீட்டில் ஒளித்து வைத்தால், ஓடிப்போன புருஷன் திரும்பி வருவான், பிரித்தால் பலிக்காது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. வாங்கினேன் என்று மட்டும் எவளும் சொல்ல மாட்டாள்.

"இன்னிக்கு விடியக்காலம் பார்த்தேன்க்கா," என்றாள் பிதென்சியா. "செடிக்கடியில குனிஞ்சு எதையோ பொறுக்கிப் பையில போட்டார். விஷம் வச்சிருப்பார் போல!"

"அப்ப இது தோட்டம் இல்ல, பொறி!" என்று கத்தினாள் ஹெர்மினியா. "யோவ், பொட்டலம் விக்கிறியா இல்லையா?"

"விக்கிறேன்தான்."

"இந்தச் சிட்டுங்களைக் கொன்னுதானே?"

காஸ்துலோ தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பாரு, வாய் வருதான்னு!"

"என்னை வேணா ஊரை விட்டு ஓட்டுங்கம்மா. செடியைத் தொடாதீங்க. அந்தக் கொடியில கூடு கட்டியிருக்கு. ரெண்டு முட்டை, அவரைக்கொட்டை கணக்கா."

"முட்டைக்கு உருகுற மனுஷன் தாயைக் கொல்லுவாராக்கும்!"

பெண்கள் சிரித்தார்கள்.

"இன்னிக்கு ஆண்டவரோட நாள், மண்வெட்டி பிடிக்கக் கூடாது," என்று ஹெர்மினியா முடிவாகச் சொன்னாள். "நாளைக் காலையில ஆளுக்கொரு மண்வெட்டியோட வந்துடுங்க. இன்னொண்ணு. யார் வீட்லயாவது அந்தப் பொட்டலம் இருந்தா, இன்னிக்கே பிரிச்சு அந்தப் பறவையை மண்ணுல புதைச்சிடணும். பாவம் தொலையட்டும்."

"சீச்சீ! எங்க வீட்லயா?" என்றார்கள் எட்டுப் பேரும் ஒரே குரலில்.

வீட்டுக்கு வந்த ஹெர்மினியா கதவைத் தாழ் போட்டாள். குவாதலூப்பே மாதா படத்துக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு சிவப்புப் பொட்டலத்தை எடுத்தாள். நாலு வருஷத்துக்கு முன்பு அவள் புருஷன் சோள ரொட்டிக் கடைக்காரியோடு போனபோது, முக்காடு போட்டுக்கொண்டு போய் வாங்கியது. மூணாம் மாசம் அவன் திரும்பி வந்துவிட்டான். இப்போதுகூட முற்றத்தில் விசில் அடித்துக்கொண்டு விறகு பிளக்கிறான்.

"என் பங்குக்கும் ஒரு உசிரு போயிருக்கே, மாதாவே," என்று சிலுவை போட்டுக்கொண்டு நூலை அறுத்தாள்.

துணியைப் பிரித்தாள்.

பறவை இல்லை. சிறகு இல்லை. காய்ந்த சால்வியாப் பூ ஒரு பிடி, பறவை உடம்பு மாதிரி உருட்டி வைத்திருந்தது. அலகு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கற்றாழை முள்.

உதிர்ந்த பூவைத்தான் அந்த மனுஷன் பொறுக்கியிருக்கிறார்!

ஹெர்மினியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருக்கலாம். ஆனால் அப்புறம் சந்தையில் பூப்பொட்டலத்தை யார் வாங்குவார்கள்? மறுபடி நிஜச் சிட்டு விற்கிறவனைத் தேடித்தானே போவார்கள்?

காலையில் முதல் ஆளாகப் போய்த் தடுத்துவிட வேண்டும். என்ன காரணம் சொல்வது? தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? ராத்திரி பூரா செபமாலை உருட்டியும் ஒன்றும் தோன்றவில்லை. விடிந்ததும் வெறுங்கையோடு போக மனசு வராமல், ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பிதென்சியா அவளுக்கு முன்பே வந்து நின்றிருந்தாள்.

"மண்வெட்டி எங்கடி?"

"காம்பு உடைஞ்சிடுச்சுக்கா. உங்களுது?"

"எங்க வீட்டுக்காரர் எடுத்துட்டுப் போயிட்டார்."

மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்திக்குத் தோள்பட்டை வலி. ஒருத்தி மண்வெட்டியை இரவல் கொடுத்துவிட்டாளாம்.

அதற்குமேல் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல், ஒன்பது பேரும் அவரவர் கொண்டுவந்த வாளித் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றத் தொடங்கினார்கள்.