வாளியில் எட்டு

வடக்குப்பட்டு டைவிங் கடையில், கடலில் முங்கிவிட்டு வந்தவர்களின் டைவ் கம்ப்யூட்டர்களை ஃபெபி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கடிகாரம் போன்ற அவை, எவ்வளவு ஆழம் போனார்கள், எவ்வளவு மெதுவாக ஏறினார்கள் என்று காட்டும்.

"யாரும் அவசரமா மேல வரலல்ல?" என்றான் படகு ஓட்டும் அவள் கணவன் டெனிசன்.

"ஏழு பேரும் நிதானமாத்தான் வந்துகீறாங்க."

"எட்டு பேருன்னு சொல்லு. எட்டு பேருதான குதிச்சாங்க. படகுல ஏறுனதும் கம்ப்யூட்டரைக் கழட்டி வாளில போடுவாங்க. வாளில எட்டும் இருந்துச்சு, கெளம்பிட்டேன்."

"ஆளை எண்ணலியா?"

"ரெண்டும் ஒண்ணுதான?"

ஃபெபி எட்டாவதை நீட்டினாள். "இது நல்லாத்தான் கீது. ஆனா இன்னிக்குத் தண்ணியில எறங்கவே இல்லைங்க. நாம வாளில வச்சுக் குடுத்ததை யாரோ கட்டிக்காம அதுலயே வுட்டுட்டுக் குதிச்சிருக்காரு."

டெனிசன் வாசலைப் பார்த்தான். படகுத்துறையிலிருந்து இரண்டு வேனில் கடைக்குத் திரும்பியவர்கள் தத்தம் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஹெல்மெட் தொங்க, ஒரு பைக் மட்டும் நின்றது.