கல் வீட்டுக்கு வந்தவர்கள்

"ஐயா, பார்த்து! குனிஞ்சு வாங்க!"

சுற்றிக்காட்டும் பெண் சொல்லி முடிப்பதற்குள் நிலைப்படியில் 'ணங்'கென்று இடித்துக்கொண்டார் பெரியவர். அவர் மனைவிக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஓடிப்போய்த் துணியை நனைத்து வந்து அவர் நெற்றியில் வைத்து அழுத்தினாள்.

"உள்ள இருக்கற சூடு வெளிய போகக்கூடாதுன்னு அந்தக் காலத்துல வாசலைக் குட்டையா வச்சுட்டாங்க. வர்றவங்க நெத்தி எல்லாம் புடைக்குது."

கல்லும் மரமுமாக அடுக்கிய பழங்கால மலை வீடு. கீழே மாடுகள், மேலே மனிதர்கள். மாடுகளின் உடம்புச் சூடு பலகை இடுக்கு வழியாக மேலேறி வருமாம்.

"அப்போ நாத்தமும் வருமே?" என்றாள் அம்மாள்.

"வரும்மா. குளிர்ல விறைச்சுக் கிடக்கறவங்களுக்கு மூக்கு ஏது?"

பெரியவர் குபீரென்று சிரித்தார். அம்மாள் அவரை ஒரு முறை முறைத்தாள். மனுஷன் இவ்வளவு சீக்கிரமா சாய்வது!

"நீ இந்த ஊர்தானா?"

"ஆமாம்மா. கீழ போய்ப் படிச்சேன். இந்த வீடுங்களை இடிச்சு லாட்ஜ் கட்டப்போறாங்கன்னு தெரிஞ்சதும் ஓடி வந்துட்டேன். நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து பழுது பார்த்தோம். இப்போ உங்களை மாதிரி ஜனங்க தேடி வர்றாங்க."

"நாளைக்குக் கல்யாணம் ஆனா?"

"கீழ போவேன். வாரத்துல ரெண்டு நாள் மட்டும் இங்க அனுப்பி வைக்கணும்."

"மாமியார் முடியாதுன்னுட்டா?"

"சண்டை எல்லாம் போடமாட்டேம்மா. கையைப் பிடிச்சு ஒருதரம் இங்க கூட்டிட்டு வந்து காட்டுவேன். அப்புறம் அவங்க இஷ்டம்."

அம்மாள் சுவர்க் கல்லை மெல்லத் தடவிப் பார்த்தாள். மலையேறும்போது முகத்தில் இருந்த கடுகடுப்பு எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. செங்குத்தான மரப்படியில் இறங்கும்போது, கேட்காமலே அந்தப் பெண்ணின் தோளைப் பற்றிக்கொண்டாள்.

பஸ் கிளம்பும் நேரம். அந்தப் பெண் ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"பத்திரமா போயிட்டு வாங்க, மாமா. அத்தை, என்னைப் பிடிச்சிருக்கா இல்லையான்னு உங்க பையன்கிட்ட சீக்கிரம் சொல்லிடுங்க. பாவம், காலையிலேர்ந்து எனக்குப் போன் மேல போன் போட்டுக்கிட்டே இருக்கார்!"