பஞ்சில் ஒட்டிய நீலம்

அவள் கையிலிருந்த பஞ்சு நீலமாகியிருந்தது.



மேசைமேல் சுண்டுவிரல் நுனி அளவில் நான்கு குழாய்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் போல ஒரு சொட்டு. மேலே மார்க்கரில் எழுதியிருந்த பெயர்களைக் காணோம்.

எழுத்தின்மேல் ஸ்பிரிட் படக்கூடாது, செலோடேப் ஒட்டு என்று புதிதாகச் சேர்கிறவர்களையெல்லாம் பதினோரு வருடமாகத் திட்டுகிறவள் அவள்தான். இன்றைக்குப் பாப்பாவைத் தொடப் போகிறோம், சுத்தமாக இருக்கட்டும் என்று அவளே துடைத்துவிட்டாள்.

படங்களையும் குரல்களையும் டிஎன்ஏவாக மாற்றிச் சொட்டுக்குள் சேமிக்கிற ஆய்வகம் அது. ஆயிரம் வருடம் கெடாதாம். சோதனைக்கு ஆளுக்கொரு கோப்பு கொடுத்தார்கள். அவள் கொடுத்தது, மகள் நறுமுகை பத்து வரை எண்ணுகிற பதினோரு நொடி. ஏழு மட்டும் வராது. ஆறிலிருந்து நேராக எட்டுக்குத் தாவுவாள்.

சோதனையில் கள்ளாட்டம் கூடாதென்று ஆய்வகத்தில் உள்ள மூலக் கோப்பை அழித்துவிடுவது அங்கே வழக்கம். அதைப் பதிவு செய்திருந்த போனை டிசம்பர் வெள்ளம் கொண்டுபோனது.

வெள்ளம் வடிந்த வாரம் காய்ச்சல் வந்தது.

நறுமுகைக்கு நான்கு வயதுதான் ஆகியிருந்தது.

இனி அந்தக் குரல் இந்த நான்கு சொட்டுகளில் ஒன்றில்தான் இருக்கிறது. ஆய்வகத்தை இன்றோடு மூடுகிறார்கள். படிக்கிற மெஷின் மாலையில் போய்விடும். வேறெந்த மெஷினுக்கும் இந்த டிஎன்ஏ எழுத்து புரியாது. சொட்டை விட்டு மெஷினில் செருகுகிற சில்லும் ஒன்றுதான் மிச்சம். ஒரு சில்லுக்கு ஒரு சொட்டு. கலந்து போட்டால் எதுவுமே தேறாது.

"அக்கா, மணியாகுது. ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க" என்றான், மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சிவநேசன்.

குழாய்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் ஒன்றுபோல் இருந்தன.

பிறகு வெட்கத்தை விட்டு, ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டாள்.

சிவநேசன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மூன்றாவதைக் கொடுத்தாள்.

நான்கு மணிக்குத் திரையில் கோப்பு திறந்தது.

ஒரு பைக். புதிது. மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. பக்கத்தில் பல் தெரியச் சிரித்தபடி சிவநேசன்.

அந்தப் படம் அவன் போனிலேயே இருந்தது.

அவன் தலை நிமிரவில்லை. அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. தன் கையைத்தான் வெட்டிப் போடலாம்போல் இருந்தது.

ஆட்கள் வந்து மெஷினைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரச் சத்தம் வாசல்வரை கேட்டது.

மீதி மூன்று குழாய்களையும் எடுத்து வரிசையாக வைத்தாள்.

மார்க்கரைத் திறந்தாள்.

முதல் குழாயில் நறுமுகை என்று எழுதினாள்.

இரண்டாவதிலும் நறுமுகை என்று எழுதினாள்.

மூன்றாவதிலும்.

இந்த முறை மேலே செலோடேப் ஒட்டினாள்.