உங்கள் வீட்டு உழவர்

சோற்றுப் பெட்டி திறக்க வேண்டுமானால் முதலில் உழவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். உணவு எங்கிருந்து வருகிறது என்பது குழந்தைகளுக்குத் தெரிய வேண்டும் என்று வந்த ஏற்பாடு அது. தினமும் மதியம் வனஜா வீட்டுச் சுவர்த்திரையில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வயல் ஒன்று தெரியும். வரப்பில் அந்த வீட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட உழவர் பக்கிரிசாமி பச்சைத் துண்டு கட்டிக்கொண்டு நிற்பார். "நெல்லு ஏன் மாமா தொப்பி போட்டிருக்கு?" என்று வனஜாவின் மகள் நிதர்சனா நேற்றுக் கேட்டபோது, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு உமியைப் பற்றிச் சொன்னார்.

இன்று அவருடைய பச்சைத் துண்டைக் கட்டிக்கொண்டு வேறொருவர் நின்றார்.

"இது பக்கிரி மாமா இல்லம்மா."

திரையில் கேள்வி வந்தது: இவர் உங்கள் உழவர்தானா?

பக்கிரிசாமியின் மனைவி வரப்பில் ஓடிவந்தாள். "அவருக்குக் காச்சல் பாப்பா, இது அவரு தம்பி. ஆமான்னு அமுக்கிடு கண்ணு. இல்லாட்டி பயிருக்குத் தண்ணிய நிறுத்திப்புடுவாங்க."

"ஆமான்னு போடுடி," என்றாள் வனஜா.

"போம்மா. சரியா கண்டுபிடிச்சா மிஸ் ஸ்டார் தருவாங்க."

வனஜா கையை நீட்டுவதற்குள் நிதர்சனா 'இல்லை'யை அழுத்திவிட்டாள்.

வயலில் மோட்டார் சத்தம் நின்றது. அந்தப் பெண் வாய்க்காலைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் திரை மாறியது. வேறு வயல், வேறு மனிதர், அதே பச்சைத் துண்டு.

"வணக்கம் பாப்பா. இனிமே நான்தான் உங்க உழவர்."

"வணக்கம் மாமா. உங்களுக்குக் காய்ச்சல் வராதுல்ல?"

அவர் கேமராவுக்குப் பின்னால் நின்ற யாரையோ பார்த்தார்.

"வராது பாப்பா," என்றார்.

பெட்டி திறந்துகொண்டது.